அடைப்புக்குறிகளின் காவல்காரர்

வர்த்தக அமைச்சகத்தின் மூன்றாவது மாடியில் அவருடைய சொந்தப் பேரைச் சொல்லிக் கேட்டால் லிஃப்ட்காரர்கூட ஒரு நிமிஷம் தலையைச் சொறிவார். ‘அடைப்பு சார்’ என்றால் போதும். “நேரா போய் வலது பக்கம், ஜெராக்ஸ் மிஷினுக்குப் பின்னாடி. ஃபேன் கத்துற ரூம்” என்று கண்ணை மூடிக்கொண்டு வழி சொல்லுவார்.

அது தொழிலால் வந்த பேர். இரண்டு நாடுகள் உட்கார்ந்து வர்த்தக ஒப்பந்தம் பேசும்போது முதலில் தாளில் ஏறுவது ஒப்பந்தம் இல்லை, சண்டை. அவர்கள் கேட்பதும் நாம் மறுப்பதும் ஒரே பக்கத்தில் இருக்கும். எந்த வார்த்தைக்கு ஒரு தரப்பு தலையாட்டவில்லையோ அதைச் சதுர அடைப்புக்குறிக்குள் வைப்பார்கள். இரண்டு பேரும் ஒத்துக்கொண்ட பிறகுதான் அடைப்பு போகும். கடைசி அடைப்பும் போன அன்றைக்கு ஒப்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். அறிவுசார் சொத்துரிமை என்ற அத்தியாயத்தில் எந்த அடைப்பு எங்கே திறக்கிறது, எங்கே மூடுகிறது என்று பார்த்துக்கொள்வதுதான் ஆறு வருஷமாக அவர் வேலை.

“இவரோட கல்யாணப் பத்திரிகையப் பாத்திருக்கீங்களா? பொண்ணு பேரு அடைப்புக்குறிக்குள்ள இருக்கும். அவங்க வீட்டுல முழுசா ஒத்துக்கலையாம்” என்று ஜவுளிப் பிரிவு அதிகாரி டீ நேரத்தில் எடுத்துவிடுவார்.

“இன்னும் எடுக்கல சார். வருஷா வருஷம் பேச்சுவார்த்தை நடந்துக்கிட்டுதான் இருக்கு” என்பார் அடைப்பு சார். சிரிப்பில் டீ சிந்தும்.

அவர் வீட்டில் முதல் பட்டதாரி. அப்பா கல் உடைத்தவர். அண்ணன் எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு, பஸ் டிப்போவுக்கு எதிரில் ஒரு டயர் கடையில் சேர்ந்தார். பிறகு அந்தக் கடையையே எடுத்து நடத்தினார். தம்பி வேதியியல் படித்தது, அப்புறம் மாலைக் கல்லூரியில் சட்டம் படித்தது, எல்லாம் அந்த டயர்களின் மேல் ஏறித்தான். பட்டம் வாங்கிய அன்று அதை வீட்டில் எந்தச் சுவரில் மாட்டுவது என்று ஒரு சபையே கூடியது. வெயில் பட்டால் எழுத்து வெளுத்துவிடும் என்று அம்மா பயந்தாள். கடைசியில் அண்ணன் அதைத் தன் கடையில் கொண்டுபோய் மாட்டினார். “வீட்டுல மாட்டினா யாரு பாப்பா? இங்க மாட்டினா லாரிக்காரனெல்லாம் பாப்பான்.”

வேதியியலும் சட்டமும் சேர்ந்து படித்த ஆள் அமைச்சகத்தில் வேறு யாரும் இல்லை. அதனால் யாருக்கும் வேண்டாத அந்த அத்தியாயம் அவர் தலையில் விழுந்தது. எதிர்த் தரப்பில் அதற்கென்றே ஒரு பட்டாளம் வரும். சுற்றுக்கு ஒரு புது முகம், எல்லாரும் வக்கீல்கள். அவர்களுக்கு நடுநாயகமாகத் தங்க ஃபிரேம் கண்ணாடி போட்ட ஒருவர். எப்போது பார்த்தாலும் குடும்பம் நலமா என்று விசாரித்துவிட்டுத்தான் கழுத்தில் கை வைப்பார். நம் பக்கத்தில் அடைப்பு சாரும், இன்னொரு துறையிலிருந்து இரவல் வாங்கிய மருந்தியல் அதிகாரியும். அந்த அதிகாரியையும் பாதியில் மாற்றிவிட்டார்கள். ஒரு ஆள் படை.

சண்டையெல்லாம் முக்கியமாக ஒரே ஒரு பத்திக்குத்தான். அதை அவர் ஒருநாள் அண்ணனுக்குக் கடையில் உட்கார்ந்து விளக்கிச் சொன்னார்.

“இப்ப நீ ஒரு பஞ்சர் பசை கண்டுபிடிக்கிறேன்னு வெச்சுக்கோ. நூறு வண்டியில ஒட்டி, ஒரு வருஷம் ஓட்டிப் பாத்து, நல்ல பசைதான்னு சர்க்கார்கிட்ட நிரூபிக்கிறே. சர்க்கார் அனுமதி குடுக்குது. அப்புறம் பக்கத்துக் கடைக்காரன் அச்சு அசலா அதே பசையக் கிண்டுறான். அவன் மறுபடியும் நூறு வண்டி ஓட்டிக் காட்டணுமா? வேணாம், ரெண்டும் ஒண்ணுதான்னு சோதிச்சுப் பாத்து அனுமதி குடுத்துடுவாங்க. இப்ப அப்படித்தான் நடக்குது. அவங்க என்ன கேக்குறாங்கன்னா, என் சோதனைய வெச்சு எட்டு வருஷத்துக்கு எவனுக்கும் அனுமதி குடுக்காதேங்கிறாங்க.”

அண்ணன் டயரிலிருந்து கையை எடுக்காமல் கேட்டார். “செலவு பண்ணது நான்தானே? எனக்கு அதுல நியாயம் இருக்கே.”

“என்னண்ணா, அவங்க பக்கமே பேசறே!”

“பசைக்குப் பேசறேன்டா. நீ எதுக்குச் சண்ட போடறே?”

“மருந்துக்கு.”

அண்ணன் டயரைச் சுவரில் சாய்த்து வைத்தார். “மருந்துன்னா வேற. பஞ்சர் ஆனா வண்டியத் தள்ளிக்கிட்டுப் போலாம்” என்றார்.

அப்போது அண்ணன் திடகாத்திரமாக இருந்தார். லாரி டயரை ஒற்றை ஆளாக உருட்டிக்கொண்டு வருவார்.

மூன்றாவது சுற்றுக்கும் நாலாவது சுற்றுக்கும் இடையில் அண்ணனுக்குக் காய்ச்சல் வந்தது, போனது, மறுபடி வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தப் புற்றுநோய் என்றார்கள். ஆனால் பயப்பட வேண்டாம், இதற்கு மாத்திரை இருக்கிறது, தினம் ஒன்று போட்டுக்கொண்டு வருஷக்கணக்கில் நடமாடலாம் என்றார்கள். மாத்திரை உள்ளூர்க் கம்பெனி செய்தது. ஆஸ்பத்திரி ஜன்னலிலேயே கொடுத்தார்கள். அண்ணன் அதைப் போட்டுக்கொண்டு கடையைத் திறந்தார். கொஞ்ச நாளில் எல்லாருக்கும் மறந்தே போய்விட்டது, வாயில் போடுகிற அந்த ஒரு நொடியைத் தவிர.

பிறகு மாத்திரை அலுத்துப்போனது. டாக்டர் அப்படித்தான் சொன்னார். “உடம்பு இதுக்குப் பழகிடுச்சு. அடுத்த தலைமுறை மருந்து ஒண்ணு இருக்கு. வெளிநாட்டுக் கம்பெனியோடது. அதோட விலையப் பாத்தா வாங்கச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனா நம்ம கம்பெனி ஒண்ணு அதையே செஞ்சு அனுமதிக்குக் குடுத்திருக்கு. அது வந்துட்டா பொழைச்சோம். பழசு இன்னும் ஒரு வருஷம், மிஞ்சிப்போனா ஒன்றரை வருஷம் தாங்கும்.”

வெளிநாட்டுக் கம்பெனி இந்த நாட்டில் காப்புரிமை பதிவே செய்திருக்கவில்லை. சின்னச் சந்தை என்று அலட்சியமாக விட்டிருந்தது. ஆகவே உள்ளூர் மருந்துக்கும் அண்ணனுக்கும் நடுவில் குறுக்கே நிற்கக்கூடியது உலகத்தில் ஒன்றே ஒன்றுதான்: அடைப்பு சார் காத்துவந்த அந்தப் பத்தி. அது அடைப்புக்குள் இருக்கிறவரை அண்ணனுக்கு வழி இருந்தது.

அலுவலகத்தில் அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் சொந்த ஆதாயம் என்று கோப்பைப் பிடுங்கிக்கொள்வார்கள். வேறு யார் வந்தாலும் இந்தப் பத்தியில் இப்படி உடும்புப்பிடியாக நிற்க மாட்டார்கள். அண்ணனிடமும் சொல்லவில்லை. அனுமதி வரும் என்று மட்டும் சொல்லிவைத்தார். முன்பு கொள்கைக்காகப் பேசியவர் இப்போது உயிருக்காகப் பேசினார்; வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது, குரல் ஒரு கட்டை ஏறியதைத் தவிர. மேஜையைத் தட்டினார். நோயாளிகள் சங்கத்துக்காரர்களைத் தேடிப்போய்ப் பேசினார். அடுத்த சுற்று நடந்த ஹோட்டல் வாசலில் அவர்கள் அட்டைகளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். “இந்தப் பத்தியை நாங்கள் தொட மாட்டோம்” என்று அவர் சொன்னது பத்திரிகையில் கொட்டை எழுத்தில் வந்தது. தங்க ஃபிரேம்காரர் அதையெல்லாம் பொறுமையாகக் கேட்டு, தலையை ஆட்டி, குறித்துக்கொண்டார்.

கடைசிச் சுற்று ஒரு ஹோட்டலின் அடித்தளத்தில். ஜன்னல் இல்லாத கூடம். கம்பளத்தில் பழைய காப்பி வாசனை. ஏசி குளிருக்குப் பயந்து நம் ஆட்கள் எல்லாரும் உள்ளே ஸ்வெட்டர் போட்டிருந்தார்கள். மிச்சம் இருந்த அடைப்புகளை எல்லாம் எடுத்துக்கொண்டு இரண்டு தரப்புத் தலைவர்களும் பக்கத்தில் ஒரு சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். இந்தத் தொழிலில் அதுதான் வழக்கம். வருஷக்கணக்கில் அறுபது பேர் இழுத்த இழுப்பைக் கடைசியில் இரண்டு பேர் ஒரு காலைப் பொழுதில் பண்டமாற்று செய்து முடிப்பார்கள். நம் தலைவரை எல்லாரும் ‘மேடம்’ என்றுதான் சொல்லுவார்கள். கோபப்பட்டுப் பார்த்தவர்கள் இல்லை. அதனால் பயம் அதிகம்.

மேடம் வெளியே வந்து நேராக அவரிடம் வந்தார்.

“உட்காருங்க.”

“பரவாயில்ல, நிக்கிறேன் மேடம்.”

“உட்காருங்கன்னேன். நின்னுக்கிட்டுக் கேக்குற விஷயம் இல்ல.”

உட்கார்ந்தார்.

“நம்ம துணிக்கு அவங்க போடுற இறக்குமதி வரி போயிடுச்சு. படிப்படியா இல்ல. கையெழுத்தாகிற அன்னிக்கே, ஒரேயடியா.”

“நல்ல சேதி மேடம். பதிலுக்கு?”

மேடம் தாளை அவர் பக்கம் தள்ளினார். எந்தப் பத்தி என்று படிக்க வேண்டியிருக்கவில்லை. பக்கத்தின் உருவம் அவருக்கு மனப்பாடம்.

“எட்டு இல்ல, அஞ்சு. பேசி இறக்கியிருக்கேன்.”

“ஒண்ணுமே இல்லைங்கிறதுதான் மேடம் நம்ம நிலை.”

“தெரியும்.”

“அனுமதிக்குக் காத்துக்கிட்டிருக்கிற மருந்துங்க? அதுக்காவது விலக்கு இருக்கா?”

“இல்ல. கையெழுத்துக்கு முன்னால அனுமதி கெடைச்சது மட்டும்தான் தப்பிக்கும்.”

“வேற எதையாவது குடுத்திருக்கலாமே மேடம். பாட்டு உரிமை, பிராண்டு பேரு, விதை... விட்டுக்குடுக்கிறதுக்குன்னே எத்தனை வெச்சிருந்தோம்!”

“எல்லாத்தையும் காட்டினேன். திரும்பிக்கூடப் பாக்கல.” மேடம் குரலைத் தாழ்த்தினார். “அதையெல்லாம் நாம லேசாப் பிடிச்சிருந்தோம். லேசாப் பிடிச்சதுக்கு எவன் விலை குடுப்பான்? இதை நீங்க கெட்டியாப் பிடிச்சீங்க. ஒவ்வொரு சுத்துலயும் மேஜையத் தட்டினீங்க. வாசல்ல நோயாளிங்கள நிக்க வெச்சீங்க. நம்மகிட்ட இருக்கிறதுலயே ஒசத்தி எதுன்னு அவங்களுக்குக் காட்டினதே நீங்கதான். துணிக்கு முழு வரியும் போனது எதனாலன்னு நெனச்சீங்க?”

“விக்கிறதுக்காக நான் பிடிக்கல மேடம்.”

“மேஜைக்கு அது தெரியாது சார்.”

ஆறு வருஷமாகப் பூட்டுப் போட்டுக் காத்தோம் என்று நினைத்தது, விலைச்சீட்டு ஒட்டியதாக முடிந்திருக்கிறது. கொஞ்சம் அசட்டையாக இருந்திருந்தால், ஒரு சுற்றில் தூங்கி வழிந்திருந்தால், அந்தப் பத்தியை யாரும் பெரிதாக நினைக்காமல் ஏதோ ஒரு மூலையில் கைவிட்டிருக்கலாம். விதையைப் பற்றிய பத்தி அப்படித்தான் தப்பியது. அதை யாரும் காக்கவில்லை.

வாழ்க்கையில் முதல்முறையாக அவர் அலுவலகத்தில் வீட்டுப் பேச்சை எடுத்தார். “மேடம், எங்க அண்ணன் அந்த மாதிரி ஒரு மருந்துக்குத்தான் காத்துக்கிட்டிருக்கார். ரத்தப் புற்றுநோய். ஒரு வருஷம்னு சொல்லியிருக்காங்க.”

மேடம் அவரையே பார்த்தார். கண்ணில் ஏதோ ஒன்று வந்துபோனது. பிறகு சுற்றிலும் பார்த்தார், யாருக்காவது கேட்டதா என்று.

“இதை எங்கிட்ட சொல்லல நீங்க. நான் கேக்கல. சரியா? வெளிய தெரிஞ்சா, இத்தனை வருஷம் நீங்க பேசினதெல்லாம் வீட்டு விஷயம்னு ஆயிடும். நாளைக்கு இன்னொரு ஒப்பந்தத்துல ஒருத்தன் எந்திரிச்சு மருந்துக்குப் பேசினா, உங்க வீட்டுல யாருக்கு நோய்னு கேப்பாங்க.” எழுந்து நின்றார். “ஆடைத் தொழிற்சாலையில எத்தனை குடும்பம் இருக்குன்னு உங்களுக்கே தெரியும். அமைச்சர் சரின்னுட்டார். அடைப்ப எடுத்துடுங்க.”

தெரியும். அண்ணன் மகளே அப்படி ஒரு தொழிற்சாலையில்தான் காலர் தைக்கிறாள். ஆர்டர் இல்லை என்று போன வருஷம் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். இவள் தப்பித்தது மயிரிழையில். வரி போகாவிட்டால் தொழிற்சாலை அடுத்த நாட்டுக்குப் பெட்டி கட்டிவிடும் என்று ஊரெல்லாம் பேச்சு. மேடம் ஒன்றும் கெட்டவர் இல்லை. தங்க ஃபிரேம்காரர்கூடத் தன் நாட்டுக் கம்பெனிக்குச் சம்பளத்துக்குப் பேசுகிறவர். யார் மேல் கோபப்படுவது என்று தேடித்தேடி அவர் கோபம் களைத்துப்போனது.

வரைவு பெரிய திரையில் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு தரப்பும் பார்த்துக்கொண்டிருக்க, அவர்தான் திருத்த வேண்டும். எட்டை அழித்து ஐந்து போட்டார். திறக்கும் குறியை எடுத்தார். மூடும் குறிக்குப் போக விரல் வரவில்லை; திரையில் அந்தப் பத்தி ஒரு பக்கம் மட்டும் சுவர் இடிந்த வீடு மாதிரி நின்றது. பின்வரிசையில் யாரோ இருமினார்கள். எடுத்தார்.

தங்க ஃபிரேம்காரர் எழுந்து வந்து இரண்டு கையாலும் அவர் கையைப் பற்றினார். இவ்வளவு திறமையான எதிராளியை இதுவரை சந்தித்ததில்லை என்று தன் மொழியில் சொன்னார். மனதாரச் சொன்னார், அதுதான் தாங்கவில்லை.

பத்திரிகைச் செய்தியையும் அவரையே எழுதச் சொன்னார்கள். ‘புதிய கண்டுபிடிப்புகளின் உரிமையும் வளரும் நாட்டு மக்களின் நலனும் இந்த ஒப்பந்தத்தில் சமநிலையில் வைக்கப்பட்டுள்ளன’ என்று எழுதினார். மேடம் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை.

முறைப்படியான கையெழுத்துக்குச் சில வாரங்கள் இருந்தன. அவர் மருந்து அனுமதி அலுவலகத்துக்குப் போனார். அங்கே இருந்தவர் பழைய சிநேகிதர், சட்டக் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர். நாற்காலியை இழுத்துப் போட்டு டீ சொன்னார்.

“அந்த மாத்திரைதானே? ஆய்வெல்லாம் முடிஞ்சாச்சு. நல்ல மருந்து, ஒரு குறையும் இல்ல. கையெழுத்து மட்டும்தான் பாக்கி.”

“போட்டுடேன்.”

“யோவ், நீயா கேக்குறே? பேச்சு முடிஞ்ச நாள்லேர்ந்து ஒப்பந்தம் கையெழுத்தாகிறவரைக்கும் ரெண்டு தரப்பும் இருந்த இடத்துலயே இருக்கணும், புது அனுமதி எதுவும் நகரக் கூடாதுன்னு உங்க அமைச்சகத்துலேர்ந்துதானே சொன்னாங்க.”

அதுவும் அவருக்குத் தெரிந்த விதிதான். எதிர்த் தரப்பு கடைசி நேரத்தில் புதுத் தடை எதையும் கொண்டுவந்துவிடக் கூடாது என்று முதல் சுற்றிலேயே அதைக் கேட்டு வாங்கியது நம் பக்கம். அதற்கு அடைப்பே போட வேண்டியிருக்கவில்லை. இரண்டு தரப்பும் உடனே தலையாட்டியது.

“யாருக்குய்யா, வேண்டியவங்களா?” என்று சிநேகிதர் கேட்டார்.

“சும்மா கேட்டேன்” என்று எழுந்துவிட்டார். டீ ஆறிக்கொண்டிருந்தது.

ஒப்பந்தம் கையெழுத்தானது. மழைக்காலம் முடிகிற சமயத்தில் அண்ணனைப் பரிசோதனைக்கு அழைத்துப் போனார். நீளமான கூடம், இரும்பு நாற்காலி வரிசைகள், நெஞ்சை அடைக்கும் ஃபினாயில். அண்ணன் பாதியாக இளைத்திருந்தார். சட்டை ஆணியில் மாட்டினதுபோல் தொங்கியது. டாக்டர் அறிக்கையைப் பார்த்துவிட்டு, பழைய மாத்திரையையே கொஞ்சம் அளவு கூட்டி எழுதினார்.

“புதுசு வரும்னீங்களே டாக்டர்?” என்றார் அண்ணன்.

“இப்ப வராதுங்க. அஞ்சு வருஷம் தள்ளிப்போயிடுச்சு. ஏதோ ஒப்பந்தமாம்.” டாக்டர் தலையை நிமிர்த்தவில்லை.

வெளியே, வேலையிலிருந்து நேராக வந்து நின்ற மகளிடம் சீட்டைக் கொடுத்து மருந்து ஜன்னலுக்கு அனுப்பிவிட்டு, இரண்டு பேரும் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தார்கள்.

“தம்பி.”

“சொல்லுண்ணா.”

“அந்தப் பஞ்சர் பசை விஷயமா இது?”

மறைக்கத் தெரியவில்லை அவருக்கு. “ஆமாண்ணா.”

“எட்டுன்னு சொன்னே.”

“அஞ்சாக் குறைச்சாங்க.”

“நீ அங்க இருந்தியா?”

“இருந்தேன். நான்தான்...”

திட்டுவார் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அண்ணன் கறை போகாத கையால் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு யோசித்தார். “நீ அங்க இருந்தும் முடியலைன்னா, அது முடியாததுதான்டா” என்றார். ஒரு தீர்ப்பு மாதிரிச் சொன்னார், அதில் அப்பீல் இல்லை. பிறகு, “பதிலுக்கு என்ன குடுத்தான்?” என்று கேட்டார், டயர் பேரத்தைக் கேட்கிற மாதிரி.

“துணிக்கு வரி இல்லைன்னுட்டாங்க.”

அண்ணன் சட்டென்று திரும்பினார். “அதான் பாப்பா வேலையில ஒரேயடியா ஆளு எடுக்கிறாங்களா?”

“அதான்.”

“அவகிட்ட மட்டும் சொல்லிடாத. சோறு எறங்காது அவளுக்கு. பைத்தியக்காரி, வேலைய விட்டாலும் விட்டுடுவா.”

கூடத்தின் கடைசியில் அவள் வந்துகொண்டிருந்தாள். தொழிற்சாலைச் சீருடை, தோளில் நூல் துணுக்குகள். மருந்து ஜன்னலில் அவளே வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு வந்திருந்தாள்.

“என்னப்பா, பழைய மாத்திரையேதான் குடுத்தாங்க. புதுசு எங்க?”

“இதுவே போதும்னுட்டார் டாக்டர்” என்றார் அண்ணன்.

“அப்பாடா.” அவள் சித்தப்பாவுக்குப் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு. “சித்தப்பா, ஒரு விஷயம் தெரியுமா? புது லைன் தொறக்கிறாங்க. என்னை சூப்பர்வைசரா போட்டிருக்காங்க. எல்லாம் அந்த ஒப்பந்தம்தானாம், மேனேஜர் மைக்குல சொன்னார். எங்க சித்தப்பாதான் எழுதினார்னு நான் சொன்னேன், ஒருத்தரும் நம்பல. ஒருநாள் நீங்க வந்து சொல்லணும், ஆமா.”

அவர் அண்ணனைப் பார்த்தார்.

“வருவான், வருவான்” என்றார் அண்ணன். “எந்திரிங்க, பஸ் போயிடப்போகுது.” எழுந்திருக்கக் கையை நீட்டினார். ஒரு பக்கம் மகள் பிடித்தாள், இன்னொரு பக்கம் தம்பி. தூக்குவதற்குக் கனமே இல்லை.